போதிசத்துவர் கையில் இருந்தது

அன்று காலை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கண்காட்சியின் நாயகரான அப்பா, எழுபதைத் தாண்டியும் திட்டுவதற்கு மட்டும் மூச்சு வாங்காதவர், அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்த மகள், தலை பாதி நரைத்த பிறகும் அவர் வாயில் 'ஏய்' என்றே வருபவள், அவளுடைய தம்பி, வீட்டுமனை விற்பவன், எதைப் பார்த்தாலும் இது எத்தனை சதுர அடி என்று மனசுக்குள் அளப்பவன், அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் அம்மையார், சுவரில் எழுத்து ஒட்ட வந்திருந்த ஸ்டிக்கர்காரர், வாசலில் ஒரு காவலாளி. சுவர்களில் இருந்த போதிசத்துவர்கள், ராணிகள், யானைகள், குரங்குகளைச் சேர்க்கவில்லை. அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள்.

மாலையில் திறப்பு விழா. பழைய பௌத்தக் குகைகளின் சுவர் ஓவியங்களை அப்பா அந்தக் காலத்தில் குகையிலேயே தங்கி அதே அளவில் துணியில் நகல் எடுத்திருந்தார். ஒரு காலத்தில் நாலு ஊரில் பாராட்டு வாங்கி, பிறகு இத்தனை வருஷம் ஏதோ ஒரு கிடங்கில் சுருண்டு கிடந்தவற்றை இப்போது வெளியே எடுத்து, சட்டம் போட்டு, கூடம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, மங்கலான விளக்குகளின் கீழே மாட்டியிருந்தார்கள். கூடத்தில் புதுப் பெயிண்ட் வாசனையும் புதுக் கார்ப்பெட் வாசனையும் அடித்தன. குகையில் வௌவால் எச்சத்தின் நாற்றம்தான் அடிக்கும். மகளுக்கு அது இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

"இந்த லைட்டு எவன் போட்டது?" என்று அப்பா உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்தார். "பொணவறையில கூட இதைவிட வெளிச்சமா இருக்கும்."

"குகைக்குள்ள போற மாதிரி ஒரு உணர்வு வரணும்னு செஞ்சிருக்கோம் ஐயா," என்றார் காப்பாட்சியர்.

"குகைக்குள்ள போறவன் கையில வெளக்கோட போவான்மா. கண்ணைக் கட்டிக்கிட்டா போவான்?"

தம்பி சிரித்தான். அப்பா பேசினால் சிரிப்பது அவன் சின்ன வயதிலிருந்தே செய்துவரும் தொழில். வீட்டுமனை அதற்குப் பிறகு வந்தது.

மகள் சிரிக்கவில்லை. அவள் படங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பல வருஷமாகப் பார்க்காத படங்கள். ஒரு ராணி கண்ணாடி பார்க்கிறாள். ஒரு யானை தும்பிக்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு எதையோ யோசிக்கிறது. படகு ஒன்று கவிழ்கிறது. தண்ணீரில் விழுந்தவனின் வாய் திறந்திருக்கிறது. ஒவ்வொன்றின் கோடும் அவள் மணிக்கட்டில் வந்து நின்றது. அந்த யானையின் முதுகு வளைவைப் போட அவள் ஒரு மூங்கில் சாரத்தின் மேல் மல்லாந்து படுத்திருந்தாள். கழுத்து பிடித்துக்கொண்டு ஒரு வாரம் திரும்ப முடியாமல் இருந்தது. "உனக்குக் கழுத்து எதுக்கு, கை போதும்" என்றார் அப்பா அப்போது. அவர் நகைச்சுவையாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர்களை அவ்வளவு காலையில் வரச் சொன்னதற்குக் காரணம் உள் அறையில் இருந்தது.

அந்த அறையில் ஒரே ஒரு படம். ஆள் உயரத்தை விட உயரமான போதிசத்துவர். மகுடம் வைத்த தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது. பாதி மூடிய கண். வலது கையை மார்புக்கு நேராக உயர்த்திக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்திருக்கிறார். அந்த விரல்களுக்கு நடுவிலிருந்து கறுப்பாக ஒரு கயிறு கீழே இறங்கி, காலடியில் மண்டியிட்டிருக்கும் ஒருவனின் கழுத்தைத் தொட்டு நிற்கிறது.

இப்போது அந்தக் கை இல்லை. பெட்டியில் வரும்போது உள்ளே துருத்தியிருந்த ஏதோ ஓர் ஆணி உரசி, விரல்களும் கயிற்றின் மேல்பாதியும் உரிந்து, வெள்ளைத் துணி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"போஸ்டர்ல இந்தப் படம்தான்," என்றார் காப்பாட்சியர். கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "அழைப்பிதழ்லயும் இதுதான். என் புத்தகத்தோட அட்டையும் இதுதான். சாயந்தரம் எல்லாரும் நேரா இங்கதான் வருவாங்க. ஐயா, நீங்கதான் காப்பாத்தணும்."

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்தது. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பெஞ்சில் தயாராக வைத்திருந்த வண்ணங்களைப் பார்த்து முகம் சுளித்து, தூரிகைகளில் ஒன்றை எடுத்துக் கறுப்பில் தோய்த்தார். படத்துக்கு முன்னால் போய் நின்றார். கை உயர்ந்தது. துணிக்கு ஒரு சாண் முன்னால் தூரிகை நுனி மீன் மாட்டிய தூண்டில் மாதிரி ஆட ஆரம்பித்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டும் சேர்ந்து ஆடின. ஒரு சொட்டுக் கறுப்பு அவர் செருப்பில் விழுந்தது.

 ஸ்டிக்கர்காரர், அவசியமே இல்லாமல், ஏற்கெனவே ஒட்டிய ஓர் எழுத்தைத் துணியால் தேய்த்தார்.

அப்பா திரும்பிப் பார்க்காமல் தூரிகையைப் பின்பக்கமாக நீட்டினார். "ஏய். பிடி. நான் சொல்ற மாதிரி போடு."

இதற்காகத்தான் அவளை ஒரு நாள் லீவு போட வைத்திருந்தார். பல் கட்டும் லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. செயற்கைப் பற்களுக்கு நிறம் தீட்டுவது. பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகும் மஞ்சளை, எந்த மனிதனும் தனக்கு இருப்பதாக ஒத்துக்கொள்ளாத அந்த மஞ்சளை, எறும்பின் மீசை போன்ற தூரிகையால் பூசுவாள். கை இன்னும் ஆடவில்லை.

அவள் தூரிகையை வாங்கினாள். வாங்கும்போதுதான் ஸ்டிக்கர்காரர் தேய்த்துக்கொண்டிருந்த வரி கண்ணில் பட்டது. அப்பாவின் பெயர், பெரிய வெள்ளை எழுத்தில். அதற்குக் கீழே: 'குகையிலேயே தங்கி, தனியொருவராக நகலெடுத்தவர்.'

அவள் தூரிகையைத் துடைத்துப் பெஞ்சில் வைத்தாள்.

"என் பேரு எங்க?"

"என்ன பேரு?" என்றார் அப்பா.

"போன மாசம் கேட்டேன். 'சொல்லிட்டேன், போடுவாங்க'ன்னீங்க."

"சொல்லணும்னு நெனச்சேன். மறந்துட்டேன். இப்ப என்ன, தலையா போயிடுச்சு? கையைப் போடு மொதல்ல."

"பேரு மொதல்ல."

தம்பி உள்ளே புகுந்தான். "அக்கா, பேருல என்னக்கா இருக்கு? அப்பா பேரு இருந்தா நம்ம எல்லார் பேரும் இருக்கிற மாதிரிதானே."

"அப்படியா? அப்ப நீ வாங்கி வச்சிருக்கிற மனை எல்லாத்தையும் அப்பா பேருக்கு எழுதிடு. உன் பேரும் இருக்கிற மாதிரிதானே."

ஸ்டிக்கர்காரருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினார். தம்பி முகம் சுண்டிப்போய்க் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான்.

காப்பாட்சியர் அப்பாவிடம் திரும்பினார். "ஐயா, இவங்களும் உங்ககூட வேலை பாத்தாங்களா? பேட்டியில நீங்க சொல்லலையே."

"வேலையா?" அப்பா கையை வீசினார். "சோறு ஆக்கிப் போட வந்தா. பேப்பரைப் பிடிச்சா. வெளக்கைத் தூக்கிக்கிட்டு நின்னா. அதுக்கெல்லாம் பேரு போட ஆரம்பிச்சா சுவரு பத்தாதும்மா. அப்புறம் எனக்குச் சாரம் கட்டினவன், தண்ணி தூக்கினவன், கழுதை ஓட்டினவன், அந்தக் கழுதை…"

"கழுதைக்குப் போடலாம்," என்றாள் மகள். "அது உங்களைவிட ஒழுங்கா மேல ஏறும்."

"வாயைப் பாரு!"

சோறு ஆக்கிப் போட வந்தது உண்மைதான். அம்மா உடம்பு முடியாமல் படுத்ததால் கல்லூரி விடுமுறையில் அவளை அனுப்பினார்கள். அவள் திரும்பிக் கல்லூரிக்குப் போகவே இல்லை. குகையில் வேலை இப்படி நடக்கும்: மெல்லிய எண்ணெய்க் காகிதத்தைச் சுவர்மேல் படாமல் பட வைத்துக் கோட்டை அப்படியே பென்சிலில் எடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தில் ஊசியால் துளை போட்டு, துணிமேல் விரித்து, கரித்தூள் மூட்டையால் தட்டினால் கோடு துணிக்கு வந்துவிடும். பிறகு சுவரைப் பார்த்துப் பார்த்து வண்ணம். அப்பாவுக்கு வண்ணத்தில் கை உண்டு. அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. கோட்டுக்கு அவருக்குப் பொறுமை கிடையாது. முதல் இரண்டு படத்துக்குப் பிறகு பென்சிலை அவள் கையில் திணித்துவிட்டு வெளியே போய் பீடி பிடித்துக்கொண்டிருப்பார். அவள் கோட்டை முடித்து, சமைத்து, பாத்திரம் கழுவி, மறுபடி கோட்டுக்கு வருவாள்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். இருப்பதை மட்டும் எடு. காரை விழுந்த இடத்தைக் காலியாக விடு. அங்கே ஒரு மூக்கு இருந்திருக்கும் என்று தெரிந்தாலும் மூக்கைப் போடாதே. சுவரில் வெடிப்பு இருந்தால் அதை வெடிப்பாகவே எடு. பக்கவாட்டில் நிழல் கொடுத்து இரண்டு கோடாகப் போடு. ஓவியன் இழுத்த கோட்டையும் காலம் இழுத்த கோட்டையும் குழப்பினால் நீ நகல் எடுப்பவன் இல்லை, பொய் சொல்பவன். அப்பா இதை அவள் மண்டையில் குட்டிக் குட்டி ஏற்றியிருந்தார்.

"ஐயா," என்றார் காப்பாட்சியர், கொஞ்சம் கறாராக. "நேரடியாவே கேக்கறேன். கோடு யாரு எடுத்தது?"

"நான்."

"எல்லாமுமா?"

"எல்லாமும். இவளுக்குப் பல்லுக்குப் பெயிண்ட் அடிக்கத்தான் தெரியும்."

 மகள் போதிசத்துவரைப் பார்த்தாள். உரிந்துபோன கைக்குக் கீழே மிச்சமிருந்த கறுப்புக் கயிற்றைப் பார்த்தாள். கிட்டே போனாள். குனிந்து, மண்டியிட்டவனின் கழுத்துவரை அதைக் கண்ணால் பின்தொடர்ந்தாள். கழுத்துக்கு மேலே ஓரிடத்தில் கயிறு காரணமே இல்லாமல் ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது. தொங்கும் எந்தக் கயிறும் அப்படித் திரும்பாது.

"மேடம், உங்க புத்தகம் எதைப் பத்தி?"

காப்பாட்சியருக்கு அந்த நிலையிலும் முகம் மலர்ந்தது. "இந்தக் கயிறைப் பத்தித்தான். மத்த எந்தக் குகையிலயும் போதிசத்துவர் கையில தாமரை இருக்கும், மாலை இருக்கும். கயிறு இங்க மட்டும்தான். அடிமையைக் கட்டுற கயிறு இல்ல இது. துன்பத்துல கிடக்கிறவனைக் கரையேத்துற கயிறு. பன்னெண்டு வருஷ உழைப்பும்மா. வெளிநாட்டுல எல்லாம் கூப்பிட்டுப் பேச வைக்கறாங்க."

"அது கயிறு இல்ல," என்றாள் மகள். "சுவர் விரிசல்."

கூடத்தில் எங்கோ குளிர்பதன இயந்திரம் உறுமியது.

"நான்தான் எடுத்தேன். சாயங்கால நேரம். இவரு வெளிய காவல்காரனோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தாரு. நான் ஒரு கையில வெளக்கு, ஒரு கையில பென்சில். விரிசல்ல புகைக்கரி இறுகிப் போயி, பக்கத்துல இருந்து பாத்தா தூரிகைக் கோடு மாதிரியே இருந்துச்சு. விரலுக்கு நடுவுல இருந்து நேரா எறங்குது. கோடுன்னு நெனச்சு எடுத்துட்டேன். அவரும் வண்ணம் போட்டுட்டாரு."

காப்பாட்சியர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவர் லேசில் விழுகிற ஆள் இல்லை. "நிரூபிக்க முடியுமா?"

"எப்படி முடியும்? சுவரே இல்லையே."

அதுதான் இந்தப் படத்தின் மகிமை. நகல் எடுத்த அடுத்த மழையில் குகையின் அந்தப் பக்கம் ஊறி, சுவர்க் காரை மொத்தமாகப் பெயர்ந்து விழுந்துவிட்டது. பழைய போட்டோ ஒன்று உண்டு. அதில் கை இருக்கும் இடத்தில் புகை படிந்த இருட்டுதான் தெரியும். உலகத்தில் அந்தப் போதிசத்துவருக்கு மிச்சம் இந்தத் துணி மட்டும்தான்.

"ஐயா, என்ன சொல்றாங்க இவங்க?"

"பொய்!" என்றார் அப்பா. "வயித்தெரிச்சல். அது கயிறுதான். நானே என் கையால எடுத்தேன். விரிசலுக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்?"

"நீங்க இல்ல. நான்," என்றாள் மகள். "அன்னிக்கு எனக்குத் தெரியல."

"பாத்தீங்களா? அவ வாயாலயே சொல்றா. தெரியாதவளுக்குப் பேரு வேணுமாம்!"

"பேரு கிடைக்கலன்னதும் இப்படி ஒரு கல்லை எறியறீங்க," என்றார் காப்பாட்சியர் மகளிடம். குரல் தணிந்திருந்தது, அதனாலேயே கடுமையாக இருந்தது. "இந்த மாதிரி ஆளுங்களை நான் நிறைய பாத்திருக்கேன். பெரிய மனுஷனுக்குப் பக்கத்துல இருந்துட்டு, பிறகு பங்கு கேக்கறவங்க."

"அப்ப அந்தப் பெரிய மனுஷனையே கையைப் போடச் சொல்லுங்க."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். தம்பி "அக்கா, அக்கா" என்று வாசலை மறித்தான். "சாயந்தரம் மனை வாங்கற பார்ட்டி நாலு பேரைக் கூப்பிட்டிருக்கேன்க்கா. மானத்தை வாங்காதே."

அப்போது காப்பாட்சியரின் கைப்பேசி அடித்தது. சிறப்பு விருந்தினர் முன்னதாகவே கிளம்பிவிட்டாராம். விழாவுக்கு முன்னால் தனியாக ஒரு சுற்று பார்க்க வேண்டுமாம். காப்பாட்சியர் "ஆகட்டும், ஆகட்டும்" என்று சொல்லி வைத்தார். உரிந்த கையைப் பார்த்தார். பிறகு மகளின் முழங்கையைத் தொட்டு வெளிக்கூடத்துக்கு, யானைப் படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"நான் சுத்தி வளைக்கல," என்றார். "உங்க பேரு வரும். அவர் பேருக்குப் பக்கத்துல, அதே அளவுல. 'தனியொருவராக'ன்னு இருக்கறதை எடுத்துடறேன். கோடு எடுத்தது நீங்கன்னு போடறேன். நீங்க அந்தக் கையை முடிங்க. கயிறையும் முடிங்க. அந்த இன்னொரு வார்த்தை இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகக்கூடாது."

"விரிசல்ங்கற வார்த்தையா?"

"அதேதான்."

"இப்பத்தான் பேருக்காகக் கல்லை எறியறேன்னீங்க."

"இப்பவும் அப்படித்தான் நெனைக்கறேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

மகள் யானையைப் பார்த்தாள். அதன் முதுகு வளைவு நன்றாகத்தான் வந்திருந்தது. குகையில் குட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட அந்த ஒரே சட்டம் அவளுக்கு நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பல்லின் மஞ்சளைத் தேர்ந்தெடுக்க அவள் எடுத்துக்கொள்ளும் நேரம்கூட இதற்கு ஆகவில்லை.

"எழுத்து ஒட்டினப்புறம்தான் தூரிகையைத் தொடுவேன்," என்றாள்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். காப்பாட்சியர் ஸ்டிக்கர்காரரிடம் காதோடு காதாகச் சொன்னார். "மேடம், முடிவா சொல்லுங்க," என்றார் அவர். "பழைய வரியை உரிக்கும்போதே பெயிண்ட் கொஞ்சம் வரும். புதுசையும் ஒட்டிட்டு உரிச்சா மொத்தமா வந்துடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"முடிவுதான். ஒட்டுங்க."

ஸ்டிக்கர்காரர் மடிக்கணினியில் தட்டினார். பக்கத்தில் இருந்த வெட்டும் இயந்திரம் கிறீச் கிறீச் என்று கத்தியை இழுத்தது. வெள்ளைச் சுருள் வெளியே வந்தது. அவர் சுற்றியிருந்த வேண்டாத பகுதிகளைக் கொக்கிக் கம்பியால் உரித்து எடுக்க எடுக்க, எழுத்துக்கள் மட்டும் மிஞ்சின. அவளுடைய பெயர். மின்சார பில்லிலும் லேபின் வருகைப் பதிவிலும் தவிர அச்சில் அவள் அதைப் பார்த்ததில்லை. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. தொட்டுப் பார்க்கக் கை நீட்டி, இழுத்துக்கொண்டாள். அதற்காக அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். படித்து முடித்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்துத் தம்பி ஓரடி பின்வாங்கினான்.

"இது என்ன?"

"சமாதானமாப் போயிடலாம் ஐயா," என்றார் காப்பாட்சியர். "கோடு: உங்க பொண்ணு. வண்ணம்: நீங்க. அழகா இருக்கும்."

"என் பேருக்குப் பக்கத்துலயா? அதே அளவுலயா?"

"அதே அளவு."

அப்பா அந்தச் சுருளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவருடைய தாடை அசைந்துகொண்டே இருந்தது, எதையோ மென்று துப்புவதற்கு இடம் தேடுவதுபோல.

"அது விரிசல்," என்றார்.

"ஐயா?"

"விரிசல்மா. இவ சொன்னதுதான் நிஜம். இவதான் எடுத்தா. கண்ணு பொட்டை. மறுநாள் காலையில நான் சுவருகிட்டப் போயி நகத்தை வச்சுப் பாத்தேன். நகம் உள்ள போச்சு. கரி உதிர்ந்துச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு எனக்கு. அதுக்குள்ள துணியில கோடு ஏறிடுச்சு. மறுபடி மொதல்லருந்து எவன் எடுக்கறது? போட்டுத் தொலைன்னு வண்ணத்தைப் போட்டேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "உங்க புத்தகம், கரையேத்துற கயிறு, அதெல்லாம் இந்தக் கழுதையோட தப்பு. இவ பேரு என் பேரு பக்கத்துல வர்றதுக்கு, இந்தப் படத்தையே கீழ எறக்கிக் குப்பையில போடுங்க. எனக்கு இன்னும் எவ்வளவோ படம் இருக்கு."

காப்பாட்சியர் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய பன்னிரண்டு வருஷமும் அவரோடு சேர்ந்து உட்கார்ந்தது போலிருந்தது.

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகம் வைத்துப் பார்த்தாராம். இத்தனை காலமும் தெரிந்திருக்கிறது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் படத்துக்கு எத்தனை பாராட்டு வந்தது. எத்தனை பேர் அவரைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அப்போதெல்லாம் அந்த நகம் எங்கே இருந்தது? வாழ்க்கையில் முதல்முறையாக, கோடு எடுத்தது அவள் என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார். அதையும் ஒரு செருப்பை எறிவது மாதிரி எறிந்துதான் சொல்கிறார்.

"அப்பா, சும்மா இருங்கப்பா," என்று தம்பி கெஞ்சினான்.

"நீ மூடு!"

காப்பாட்சியர் தலையை நிமிர்த்தினார். அப்பாவைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. எது?"

ஸ்டிக்கர்காரர் சுருளைக் கையில் பிடித்தபடி நின்றார். ஒட்டவா, கசக்கவா என்பதுதான் அவர் கேள்வி.

மகள் இன்னொரு முறை கயிற்றைப் பார்த்தாள். அந்தக் காரணமில்லாத வெட்டு. அவளும் அவரும் ஒரே பேச்சாக விரிசல் என்றால், அவர் ஜெயித்துவிடுவார். படம் கீழே இறங்கும், எழுத்து கசங்கும், அவர் மிச்சப் படங்களின் கீழே தனியொருவராக நின்று சிரிப்பார். உண்மை அவர் பக்கம் போய்விட்டது. போகட்டும்.

"கயிறு," என்றாள்.

"ஏய்!"

"கயிறுதான் மேடம். கோவத்துல நான் என்னென்னமோ சொல்லிட்டேன். நான்தானே எடுத்தேன், எனக்குத் தெரியாதா?" அவள் குரல் லேபில் நிறச் சீட்டைப் படிக்கும்போது இருப்பது போலச் சமமாக இருந்தது. "அப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் கொஞ்சம் தடுமாறுது. நான் எதைச் சொன்னாலும் கொஞ்ச நேரம் கழிச்சு அதையே நடந்ததா நெனச்சுச் சொல்வாரு."

"எனக்கா? எனக்கா தடுமாறுது?"

தம்பிக்குச் சதுர அடிக் கணக்கு சட்டென்று விளங்கியது. "ஆமா மேடம்," என்றான். "போன வாரம்கூட என்னைப் பாத்து நீ யாருன்னாரு."

"நீ வீட்டுக்கு வந்து ஆறு மாசமாச்சு, அதனால கேட்டேன்டா நாயே!"

கத்தக் கத்த அவர் இவர்கள் சொன்ன மாதிரியே ஆகிக்கொண்டிருந்தார். தலை ஆடியது, கை ஆடியது, எச்சில் தெறித்தது. செருப்பில் கறுப்புச் சொட்டு. யார் பார்த்தாலும் ஒரு கிழவர் சம்பந்தமில்லாமல் கத்துகிறார் என்றுதான் சொல்வார்கள். அது அவருக்கே தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் சத்தமாகக் கத்தினார்.

காப்பாட்சியரின் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. எழுந்து சேலையை நீவிக்கொண்டார். "பாவம், வயசாயிடுச்சு," என்றார், யாருக்கும் இல்லாமல். "ஐயாவை என் ரூம்ல உக்கார வைங்க. ஃபேன் போட்டு விடுங்க. தண்ணி குடுங்க. சாயந்தரம் மேடையில பேச வேண்டாம், சும்மா உக்காந்தா போதும்."

"நகத்தை வச்சுப் பாத்தேன்மா நான்! இந்த நகம்!" அப்பா கட்டைவிரலை நீட்டினார். யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஸ்டிக்கர்காரர் பழைய வரியை உரித்துவிட்டு, சுவரில் முதல் எழுத்தின் மூலையை ஒட்டி, தேய்ப்பானால் காற்றை வெளியேற்றத் தொடங்கினார்.

மகள் பெஞ்சிலிருந்து தூரிகையை எடுத்தாள். கறுப்பில் ஒரு துளி காவியைச் சேர்த்துக் குழைத்தாள். வெறும் கறுப்பு என்றால் புதுசு என்று காட்டிக்கொடுத்துவிடும். துணியின் வெள்ளையில் விரல்கள் எங்கே சேர வேண்டும் என்று கண்ணால் அளந்தாள்.

"சத்தம் இருந்தா என் கை ஓடாது," என்றாள் திரும்பாமல். "முடிக்கிறவரைக்கும் அவரு இந்தப் பக்கம் வர வேண்டாம்."

காவலாளி வந்து அப்பாவின் முழங்கையைப் பிடித்தார். மரியாதையாகத்தான் பிடித்தார், ஆனால் பிடித்தார். அப்பா ராணியைத் தாண்டி, படகைத் தாண்டி, தன் படங்கள் எல்லாவற்றையும் தாண்டி இழுபட்டுக்கொண்டே போனார்.

"விரிசல்டி அது!" என்ற குரல் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. "உனக்குத் தெரியும்டி!"

தெரியும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு தூரிகை நுனியைத் துணியில் வைத்தாள். கோடு ஆடாமல் இறங்கியது.

காப்பாட்சியரின் அறைக் கதவு சாத்தும் ஓசை கேட்டது. பிறகு பூட்டில் சாவி திரும்பியது.